நாற்பத்தொரு சென்ரிமீற்றர்

கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஆட்களிடம் கிருஷ்ணராசா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அளவுகோல் அண்ணை என்று கேட்டால் வீட்டு நம்பரோடு சொல்லுவார்கள். அவர் தையற்காரரும் அல்ல, தச்சரும் அல்ல. இருபத்துநாலு வருடமாகக் கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வான் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரைக்குப் போய் மீன் பிடிப்பவர். பிடிபட்ட மீன் எதுவானாலும் அளந்து பார்க்காமல் வாளிக்குள் போட விடமாட்டார். அது தன்னுடைய மீனா, பக்கத்தில் நிற்பவனுடைய மீனா என்ற வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஊரில் இருந்தவரை அவர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஓய்வு பெற்றுப் போகும்போது பழைய தடி ஒன்றையும் றீல் ஒன்றையும் கையில் தந்துவிட்டுப் போனார். அப்படித் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. ஊரிலிருந்த தாயாருக்கு விஷயம் தெரியவந்தபோது, "நாங்கள் மீன் வாங்கிற ஆக்களெல்லே தம்பி, பிடிக்கிற ஆக்களோ?" என்று போனில் கேட்டா. சாதிப் பெருமைக்கு விசாவும் தேவையில்லை, ரிக்கெற்றும் தேவையில்லை. அன்றையிலிருந்து கிருஷ்ணராசா தாயாரிடம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவதாகத்தான் சொல்லிவந்தார். அவர் நிறையவே காற்று வாங்குவதாக அந்தத் தாய் கடைசிவரை நம்பினா.

ஆற்றிலும் குளத்திலும் தூண்டில் போட லைசென்ஸ் எடுக்க வேண்டும், கடலுக்கு வேண்டாம் என்பதால் கடலைத் தேர்ந்தெடுத்தவர் அவர். ஆனால் கடலுக்கும் சட்டம் இருந்தது. பாஸ் என்கிற மீன் இப்போதைய கணக்குப்படி மூக்கிலிருந்து வால் நுனிவரை நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். பெப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் எவ்வளவு பெரியது கிடைத்தாலும் விட்டுவிட வேண்டும், அது சினை வைக்கிற காலம். இதையெல்லாம் அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பயந்து தெரிந்துகொண்டார். அவருடைய அகதி வழக்கு ஐந்தாவது வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்த நேரம் ஒருநாள் கடற்கரையில் ஒரு அதிகாரி வந்து, பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் ஒருவரின் வாளியைக் கிளறிப் பார்த்து, விரல் நீளக் குஞ்சு மீன்களைக் கண்டு, பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனார். கிருஷ்ணராசாவின் வாளி வெறும் வாளி. இருந்தும் அவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மீனால் தன் வழக்குக் கோவையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் எல்லாம் போச்சு என்று அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளே அளவுகோல் ஒன்று வாங்கினார். மஞ்சள் பிளாஸ்ரிக்கில் ஒரு பலகை, அதன் ஒரு முனையில் மீனின் மூக்கை முட்டக் கொடுக்க ஒரு தடுப்பு.

பிறகு வழக்கு வென்றது, பாஸ்போட்டும் வந்தது. பயம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை, நேர்மை என்று பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. அவர் சொல்லிக் கொடுத்ததில் பொய் எதுவும் இல்லை. தின்னாத மீனைக் கொல்லாதே. கொல்வதானால் ஒரே அடியில் கொல், மூச்சுக்குத் தவிக்க விடாதே. அறுந்த நூலைக் கரையில் போட்டுவிட்டு வராதே, கடற்பறவையின் காலைச் சுற்றும். மகள் மேனுஷா ஏழு வயதிலேயே இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவாள்.

மனைவி சிவகௌரி ஒரு ஆரம்பப் பாடசாலைச் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது படுத்திருக்கலாம் என்று அவவுக்கு வாய்க்கவில்லை. விடிய எழும்பி மீன் பணிஸ் சூடாக்கி, இஞ்சித் தேத்தண்ணியைப் பிளாஸ்க்கில் ஊற்றி, மடக்குக் கதிரை, போர்வை, குளிருக்குத் தொப்பி எல்லாம் எடுத்து வைப்பா. பிறகு மேர்வினின் வானில் ஏறுவார்கள். மேர்வின் டூட்டிங்கில் இருப்பவன், குருநகர்க் கடற்கரைப் பக்கத்து ஆள், கடலைப் பற்றி அளவுகோல் இல்லாமலே தெரிந்தவன். ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஓடினால் சீஃபோர்ட் கல்லுக் கடற்கரை. அங்கே சிவகௌரி காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் கதிரையில் இருந்துவிடுவா. பதினெட்டு வருடத்தில் அவ ஒருநாளும் தூண்டில் தடியைப் பிடித்ததில்லை. பிடித்துப் பாரும் என்று ஒருவரும் சொன்னதுமில்லை.

போன செப்ரெம்பரில்தான் அது நடந்தது. கிருஷ்ணராசா தடியைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, வானில் விட்டுவிட்டு வந்த புழுப் பெட்டியை எடுக்கப் போனார். திரும்பி வரும்போது கரையில் ஒரே சத்தம். "இஞ்சேருங்கோ! ஓடி வாங்கோ!" என்று சிவகௌரி கத்திக்கொண்டிருந்தா. தடி வில்லாக வளைந்திருந்தது. அவ அதை இடுப்பில் முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்து, கல்லில் சறுக்கிச் சறுக்கிப் பின்னால் போய்க்கொண்டிருந்தா. மேர்வின் உதவிக்கு வந்தபோது, "தொடாதையும் மேர்வின், நானே எடுக்கிறன்" என்றா. எடுத்தும் விட்டா. வெள்ளி நிறத்தில் ஒரு பாஸ் கல்லின் மேல் கிடந்து துடித்தது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள்.

கிருஷ்ணராசா முதலில் பார்த்தது மீனை. இரண்டாவதாகத் தேடியது அளவுகோலை.

"வாலை நேராப் பிடியும்" என்றார். அவ குந்தி இருந்து மீனின் வாலைப் பிடித்துக் கொடுத்தா. அவர் போனை எடுத்து ஒரு படம் எடுத்தார். ஒவ்வொரு மீனையும் அளவுகோலோடு படம் எடுத்து வைப்பது அவர் வழக்கம், நாளைக்கு எவனாவது கேட்டால் சாட்சி வேண்டும். பிறகு குனிந்து பார்த்தார். நாற்பத்தொன்று.

"வடிவாப் பாருங்கோ, வாலை இன்னும் கொஞ்சம் நீட்டினா வரும்" என்றா சிவகௌரி.

"உமக்கென்ன விசரோ?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "ஒண்டு குறைஞ்சாலும் குறைவுதான். சட்டமெண்டாச் சட்டம்!"

மேர்வின் குடும்பம் நின்றது, தெரியாத ஆட்கள் நின்றார்கள். அவர் தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனைத் தூக்கிக்கொண்டு போய், முழங்கால் தண்ணீரில் நின்று தானே விட்டுவிட்டு வந்தார். திரும்பிப் போகும் வழியில் பேர்லி வேயில் சிக்னலில் நின்றபோது, "வடிவான மீன், என்ன?" என்றா சிவகௌரி. "நாப்பத்திரண்டு வேணும்" என்றார் அவர். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவ வெளியே பார்த்துக்கொண்டு வந்தா.

மார்ச் ஆறாம் திகதி பாடசாலைச் சமையலறையில் சிவகௌரி மயங்கி விழுந்தா. மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கண் திறக்காமல் கிடந்து, அப்படியே போய்விட்டா. ஐம்பத்தேழு வயது. லண்டனில் செத்தவருக்கும் நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், இருபதாம் திகதிதான் எரிக்க இடம் கிடைத்தது. அந்தப் பத்து நாளும் கிருஷ்ணராசா அழவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் எங்கே வாகனம் நிறுத்தலாம், எங்கே நிறுத்தினால் தண்டம் எழுதுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செத்த வீட்டில் எட்டாம் நாள் வரை மச்சம் மாமிசம் இல்லை. எரித்த நாளிலிருந்து எண்ணி எட்டாம் நாள் எட்டுச் செலவு. போனவருக்கு என்னென்ன விருப்பமோ அத்தனையும் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைக்க வேண்டும். மீன் விருப்பமென்றால் மீன், சாராயம் விருப்பமென்றால் சாராயம், அதில் ஒளிவு மறைவு இல்லை. சிவகௌரியின் தம்பி பரமேஸ்வரன் வெம்பிளியிலிருந்து வந்து, பேனையும் கடதாசியுமாக இருந்தார்.

"அத்தான், அக்காவுக்கு என்ன விருப்பம்? சொல்லுங்கோ, எழுதுவம்."

கிருஷ்ணராசா வெறும் கடதாசியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் அவ கையால் சாப்பிட்டிருக்கிறார். தனக்கு என்ன விருப்பம் என்று அவவுக்குத் தெரியும். அவவுக்கு என்ன விருப்பம்? இறால் வடை என்று யாரோ சொன்னார்கள். கணவாய் என்று இன்னொருவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவ இந்த நாட்டில் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு பொருள், ஒரு சென்ரிமீற்றர்.

"பாஸ்" என்றார். "ஒரு பாஸ் மீன் வேணும்."

"அதுக்கென்ன, டூட்டிங்கிலை வாங்கலாம்" என்றான் மேர்வின்.

"வாங்கிறதில்லை. நான் பிடிக்கவேணும். அவவின்ரை கையிலையிருந்து பறிச்சது நான்."

செத்த வீட்டுத் துடக்கு கழியாதவர் தூண்டிலோடு போவதாவது என்று பரமேஸ்வரன் எதிர்த்தார். மேர்வின் கிருஷ்ணராசாவை மெல்ல வெளியே கூட்டிக்கொண்டு போய் வேறு விஷயம் சொன்னான். "அண்ணை, எட்டு இருபத்தெட்டாந் திகதி. சட்டம் திறக்கிறது ஏப்ரல் ஒண்டு. நாலு நாள் குறையுது. உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமோ?"

"தெரியும்" என்றார் கிருஷ்ணராசா. "நீர் வாறீரோ, நான் ரெயினிலை போகவோ?"

இருபத்தேழாம் திகதி விடிய இருவரும் போனார்கள். வானில் பின்சீற் வெறுமையாக இருந்தது. பிளாஸ்க் இல்லை, பணிஸ் இல்லை, அதையெல்லாம் எடுத்துவர வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. கடற்கரையில் மூன்று பேர்தான் நின்றார்கள். மார்ச்சில் பாஸ் மீன் கரைக்கு வருவது குதிரைக் கொம்பு, பெரியதெல்லாம் ஆழத்துக்குச் சினை வைக்கப் போயிருக்கும். ஆறு மணித்தியாலம் ஒன்றும் கடிக்கவில்லை. கிடைக்காமல் விட்டால் நல்லது என்று மேர்வின் மனதுக்குள் நேர்ந்துகொண்டு நின்றான். பின்னேரம் இரண்டு மணிக்குத் தடி ஆடியது.

இழுத்து எடுத்தபோது அது பெரிய மீன். அளவுகோலில் வைத்தார், பழக்கம். நாற்பத்தொன்பது. படம் எடுக்கவில்லை. கமரா போன் கையில் வந்த நாளிலிருந்து அவர் படம் எடுக்காத முதல் மீன் அது.

நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று பார்த்தார். அருமையான மீன் என்றார், திரும்ப விடத்தானே போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிருஷ்ணராசா ஆமென்று தலையாட்டினார். கிழவர் சிரித்துவிட்டு நடந்தார். அவர் மறையும்வரை கிருஷ்ணராசா மீனைத் தண்ணீர் நுனியில் பிடித்தபடி, விடப்போகிறவர் மாதிரியே குந்தியிருந்தார்.

"அண்ணை, விடுங்கோ" என்றான் மேர்வின். முன்பொருநாள் கள்ளமாய் நாற்பது சென்ரிமீற்றர் மீனை ஜக்கெற்றுக்குள் ஒளித்து, இவரிடம் பேச்சு வாங்கிய அதே மேர்வின். "அக்கா இதைக் கேக்கமாட்டா அண்ணை. நீங்கள் ஆரெண்டு அவவுக்குத் தெரியும்."

"அதுதான் மேர்வின்" என்றார் அவர். "அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு."

ஒரு கட்டையால் மீனின் தலையில் அடித்தார். ஒரே அடி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த கை அது. முதல் அடி வழுக்கியது. இரண்டாவது கண்ணில் பட்டது. மூன்றாவது அடியில்தான் அது அடங்கியது. பெட்டிக்குள் வைத்து மேலே துவாயைப் போட்டு மூடினார். வரும் வழியெல்லாம் பின்னால் வருகிற ஒவ்வொரு காரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். பாவம், அறுபத்தொரு வயதில் கள்ளனாவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்.

வீட்டுப் பின்வளவில் பழைய பேப்பரை விரித்து, அவரே வெட்டினார். வயிற்றைக் கீறியதும் இரண்டு பக்கமும் சினை, கைநிறைய, மஞ்சளாய்ச் சரிந்து பேப்பரில் விழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அந்த இரண்டு மாதத்துக்கும் ஏன் சட்டம் போட்டார்கள் என்று எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். கண்ணால் கண்டது அன்றுதான்.

மேனுஷா கதவடியில் வந்து நின்றாள். கண் மருத்துவக் கடையில் வேலை செய்யும், எதையும் நேரே கேட்கும் பிள்ளை. பேப்பரைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு, பிள்ளை" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது. இருபத்தோரு நாளாக வராதது, மீன் இரத்தம் பட்ட கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி வந்தது. "ஒண்டே ஒண்டு பிடிச்சவ. அதையும் வைக்க விடேல்லை நான். எல்லாருக்கும் முன்னாலை விசரோ எண்டு கேட்டனான். அந்த மனவருத்தத்தோடைதான் போயிருப்பா."

மேனுஷா பக்கத்தில் குந்தி, கத்தியை எடுத்து, மிச்ச மீனைத் துண்டு போட்டாள்.

அடுத்த நாள் மீன் பொரித்து, குழம்பும் வைத்து, சினையைத் தனியாக வெங்காயம் போட்டு வதக்கி இலையில் வைத்தார்கள். இறால் வடை, கணவாய், முருங்கைக்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் இருந்தன. தேவாரம் பாடினார்கள், ஒவ்வொருவராகப் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். கிருஷ்ணராசா தன் கையால் நடுத்துண்டை எடுத்து இலையின் நடுவில் வைத்தார். இந்தா, வைத்திரும், என்று மனதுக்குள் சொன்னார். நெஞ்சில் கிடந்த பாரம் ஒரு துளி இறங்கினது போலத்தான் இருந்தது. பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். பெரிய மீன், நல்ல மீன், எங்கே வாங்கினது என்று வந்தவர்கள் கேட்டார்கள். மேர்வின் மீனைத் தொடாமல் மரக்கறியோடு எழும்பிவிட்டான். கிருஷ்ணராசா தன் துண்டை முள் மட்டும் மிஞ்சும்வரை தின்றார்.

ரொறன்ரோவிலிருந்து சிவகௌரியின் தங்கை சிவமலர் வீடியோவில் வந்தா. விசா கிடைக்காமல் செத்த வீட்டுக்கு வர முடியாமல் போன சகோதரி, அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. மேனுஷா போனை இலைப் பக்கம் திருப்பிக் காட்டினாள், பிறகு தகப்பன் கையில் கொடுத்தாள்.

"மீனும் வைச்சிருக்கிறியள் அத்தான்" என்றா சிவமலர். "அக்கா போன செப்ரெம்பரிலை ஒரு மீன் பிடிச்சவவெல்லே?"

அவர் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "உமக்குச் சொன்னவவோ?"

"சொன்னவவோ? அண்டைக்கு இரவே கோல் எடுத்து ஒரு மணித்தியாலம்! அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோசம். வெள்ளைக்காரரெல்லாம் கை தட்டினவங்களாம்."

"நான் பேசினதும் சொல்லியிருப்பா" என்றார் கிருஷ்ணராசா. "மீனை விடச் சொல்லிப் பேசினனான். கோவமாயிருந்தவ, என்ன?"

"ஆர், அக்காவோ? சிரிச்சவ அத்தான். 'அவர் விட்டது சரி மலர், அதுவும் சின்னன், வளரட்டும்' எண்டவ. மீனைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. படத்தைப் பற்றித்தான் கதை. 'அத்தான் என்னைப் படம் எடுத்தவர், முதல்முதல் மீனோடை. நான் தொப்பியைக் கழட்டி, தலையைத் தடவிப்போட்டுச் சிரிச்சுக்கொண்டிருந்தனான். அவரிட்டை வாங்கி அனுப்பிறன்' எண்டவ. பிறகும் ரெண்டு மூண்டு தரம் நான் கேட்டனான். அவர் வேலையாலை களைச்சு வாறார், பிறகு கேக்கிறன் எண்டு சொல்லிச் சொல்லியே விட்டிட்டா. உங்கடை போனிலை இருக்கும், எனக்கு அனுப்புங்கோ அத்தான். சிரிச்ச படம் ஒண்டும் என்னட்டை இல்லை."

"ஓம்" என்றார். "அனுப்பிறன்."

சனம் நிறைந்த வீட்டில் மாடிப்படியில் போய் இருந்துகொண்டு, தன் போனில் செப்ரெம்பருக்குப் போனார். மீன், மீன், மீன். ஒவ்வொன்றுக்கும் கீழே மஞ்சள் அளவுகோல். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரே ஒரு படம். மூக்கு தடுப்பில் முட்டியிருக்கிறது, வால் நாற்பத்தொன்றில் நிற்கிறது, இலக்கங்கள் துல்லியமாகத் தெரிகின்றன. மேலே இழுத்துப் பார்த்தார். விரலால் பெரிதாக்கி, படத்தின் ஓரம்வரை தள்ளிப் பார்த்தார். ஓரத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தட்டித் தட்டி, இருபது ஞாயிற்றுக்கிழமைகள் தேடினார். பிறகு, வேறொன்றும் இல்லாததால், அதையே அனுப்பினார்.

ரொறன்ரோவிலிருந்து உடனே பதில் வந்தது. "இது மீன்தானே அத்தான். அக்கா எங்கை?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பதில் எழுதினார்.

"வாலைப் பிடிச்சிருக்கிற கை."